நார்வேக்காரரும் என் நாத்தனாரும்

ஆடி மாதம், வெள்ளிக்கிழமை.

இன்று சுங்குவார்சத்திரம் டீக்கடையில் சினிமா ஷூட்டிங். நார்வேயிலிருந்து வந்த வயதான நடிகரை ஒரு கிழவி முறைத்தே விரட்ட வேண்டும். அந்தக் கிழவி நான். எனக்கோ சிரிப்புதான் வந்தது.

"முறைக்க வரலன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க பாட்டி" என்றாள் மொழிபெயர்க்கும் பெண்.

கூட்டத்தில் நாத்தனார் சரோஜா நின்றிருந்தாள். என் மகள் காதுகுத்தில், சாம்பாரில் உப்பில்லை என்று பாதி இலையில் எழுந்து போனவள். அதை நினைத்துக்கொண்டு நார்வேக்காரரைப் பார்த்தேன். மனிதர் நிஜமாகவே பின்வாங்கினார். ஒரே தடவையில் ஓகே.

எப்படி என்று கேட்டார். சாம்பார் கதையை ஊரே கேட்கும்படி சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"கோவம் வரணும்னா அவரும் அவங்க அண்ணனைத்தான் நினைச்சுப்பாராம் பாட்டி. அண்ணன் உயிரோட இருக்கும்போதே பேசியிருக்கலாம்னு இப்ப தோணுதாம்" என்றாள் மொழிபெயர்க்கும் பெண்.

சாயங்காலம் சரோஜா மல்லிப்பூவோடு வந்தாள். "இன்னா அண்ணி, அதையே இன்னும் மனசுல வச்சிகினு கீறியா? வுட்டுடு."

"வுட்டுடறேன். நாளைக்கும் ஷூட்டிங் கீது, அது முடியட்டும்" என்றேன்.

பூவை மட்டும் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன்.