பத்துக்கு எட்டுப் பொருத்தம்

2007 மே 6, ஞாயிறு

கலியாணம் பேசும் குகதாசன், பக்கத்து எல்லிங்ஸ்ருட்டிலிருந்து ஒரு சாதகக் குறிப்போடு வந்தான். மகள் வர்சாவுக்குப் பிரான்ஸ் மாப்பிள்ளை. பெயர் தக்சன், முப்பது வயது, மாநகரசபையில் நிரந்தர வேலை. தகப்பன் இல்லை, தாய் மட்டும். ஐயரிடம் காட்டினோம். பத்துக்கு எட்டுப் பொருத்தம். எனக்கும் மலருக்கும் அந்த நாளில் ஐந்துதான் இருந்ததாம், இருபத்தெட்டு வருடம் ஓடிவிட்டது.

பிரான்ஸ் என்றால் என் தம்பி வீட்டுக்குப் பக்கம். கோயில் இருக்கிறது, கடைத்தெரு இருக்கிறது, நினைத்தால் இங்கிருந்து பிளேனில் இரண்டரை மணித்தியாலத்தில் போய் இறங்கலாம். பிள்ளைகள் கதைத்துப் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

மே 8

மலர் இப்போதே தம்பி மனைவியோடு பாரிஸ் சேலைக் கடைகளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டாள்.

மே 20, ஞாயிறு

தக்சன் மரியாதைக்கு என்னோடு கதைக்க எடுத்தான். "எந்த மெத்ரோவுக்குக் கிட்ட, தம்பி?" என்று கேட்டேன்.

"இஞ்சை மெத்ரோ இல்லை அங்கிள். நான் நீமிலை இருக்கிறன்."

வர்சாவின் பழைய பள்ளிக்கூட அட்லஸை எடுத்தேன். பாரிஸில் விரலை வைத்துக் கீழே இறக்கிக்கொண்டே போனால், மத்தியதரைக் கடலுக்குச் சற்று மேலே ஒரு புள்ளி, நீம். எத்தனை தமிழ்க் குடும்பம் என்று கேட்டேன். "எங்களோடை சேர்த்து மூண்டு." வேலை? பூங்காவில் தோட்டக்காரன்.

யாரும் எனக்குப் பொய் சொல்லவில்லை. பிரான்ஸ் என்றால் பாரிஸ் என்று நானாக நினைத்தேன். அதனால்தான் கோபம் இன்னும் கூடியது. கையோடு குகதாசனுக்கு எடுத்து, திரும்பப் பார்த்ததில் சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லிவிடச் சொன்னேன். எங்கள் ஆட்கள் "வேண்டாம்" என்பதை அப்படித்தான் சொல்வது. பழி கிரகங்களின் தலையில் விழும், மனிதருக்கு நோகாது.

மலர் கேட்டாள்: "தோட்டக்காரன் எண்டால் என்னப்பா? நீங்களும் பள்ளிக்கூடத்திலை பனி தள்ளுறியள்தானே."

நான் வாக்ட்மெஸ்தர், கட்டடப் பராமரிப்பாளன். பள்ளிக்கூடத்துக் கதவு, விளக்கு, தண்ணீர்க் குழாய் எல்லாம் என் பொறுப்பு. அது வேறு. — என்ன வேறு, ரவீந்திரன்?

ஜூன் 3

சாதகக் கதை வர்சாவின் காதுக்கும் போய்விட்டது. ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறாள், வருகிறாள், தட்டைக் கழுவி வைக்கிறாள்.

ஜூலை 14, சனி

மழை. குப்பைப் பையைக் கட்டும்போது உள்ளே பாவித்து முடிந்த, வெளிநாட்டுக்குக் கதைக்கும் டெலிபோன் காட்டுகள். வர்சா தன் மேசை லாச்சியைத் துப்புரவாக்கியிருக்கிறாள். பதினொரு காட்டு. அந்த இரண்டு கிழமைக்குள் பதினொரு காட்டுக்குக் கதைத்திருக்கிறார்கள்.

பின்னால் வந்து நின்றிருக்கிறாள், நான் கவனிக்கவில்லை.

"அப்பா, சாதகம் உண்மையிலை பொருந்தேல்லையோ?"

"ஓம்" என்றேன்.

பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். ஏன்டா சொன்னாய் ரவீந்திரன்? ஆரைக் காப்பாத்தச் சொன்னனி?

ஆகஸ்ட் 25, சனி

சாப்பாட்டு மேசையில் வர்சா தானாகவே கதைத்தாள். தக்சன் கடிதம் போட்டிருக்கிறான். அவனுடைய தாய் இராசமணி, மே மாதத்திலிருந்து சனிக்கிழமைகளில் பகல் முழுக்க ஒன்றும் சாப்பிடுவதில்லையாம்.

"பொருந்தாததுக்கு மகன்ரை சனி தோஷம்தான் காரணம் எண்டு நம்பிப்போட்டா. தக்சனை என்னோடை கதைக்கவேண்டாம் எண்டும் அவாதான் சொன்னவ. எனக்கு ஏதும் கெடுதல் வந்திடுமாம்."

அந்த மனுசி யாருடைய பிள்ளைக்காகப் பயப்படுகிறாள்? என் பிள்ளைக்காக. நான் அவளுடைய பிள்ளைக்கு இல்லாத தோஷத்தைக் கட்டிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. வேறு சொல் இல்லை.

ஆகஸ்ட் 26

வர்சாவிடம் உண்மையைச் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். "தக்சன்ரை அம்மாவுக்கு ஆர் சொல்லுறது?" என்று மட்டும் கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

குகதாசனை விட்டுச் சொல்ல முடியாது. மூன்று மாதத்தில் கிரகம் இடம் மாறிவிட்டதோ என்று நாங்கள் இருக்கிற புருசெத் முழுக்கச் சிரிக்கும். மலர் தீர்ப்புச் சொன்னாள்: "போனிலை பொய் சொன்னது காணும். நேரிலை போய்ச் சொல்லுங்கோ."

செப்டம்பர் 22, சனி. நீம்

பாரிஸில் தம்பி வீட்டில் ஒரு இரவு தங்கி, காலை ரயிலில் வந்தேன். மூன்று மணித்தியாலம்தான். அட்லஸில் பார்த்த தூரம் இல்லை.

செப்டம்பர் முடியப் போகிறது, இங்கே ஆட்கள் அரைக்கைச் சட்டையோடு திரிகிறார்கள். ஊர் நடுவில் ரோமர் கட்டிய வட்ட அரங்கம். பக்கத்தில் ஆட்கள் கோப்பி குடிக்கிறார்கள். நடைபாதையில் பதித்த பித்தளை வில்லைகளில் பனை மாதிரி ஒரு மரம், அதில் சங்கிலியால் கட்டிய ஒரு முதலை. அதுதான் இந்த ஊரின் சின்னமாம்.

தக்சன் வேலை செய்யும் பூங்காவுக்கே போனேன். பழைய ஊற்று, கல் வாய்க்கால்கள், பெரிய மரங்கள். என்னைக் கண்டதும் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தான். ஒரு கேள்வி கேட்கவில்லை. "பசியோ அங்கிள்?" என்றான்.

வீட்டில் இராசமணி எனக்கு முருங்கைக்காய்க் குழம்பும் பருப்பும் வாழைக்காய்ப் பொரியலும் போட்டாள். தான் தள்ளி நின்றாள். வாசலுக்குப் பக்கத்தில் சின்னச் சாமித்தட்டு, எள்ளெண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த மணத்தோடு என்னால் சோற்றில் கை வைக்க முடியவில்லை.

"சாதகம் பொருந்தினது" என்றேன். "பத்துக்கு எட்டு. நான்தான் பொய் சொன்னனான். நீங்கள் பாரிஸ் இல்லை, தம்பி தோட்டத்திலை வேலை, அதுதான் காரணம். உங்கடை பிள்ளையிலை ஒரு தோஷமும் இல்லை."

தக்சன் நிலத்தைப் பார்த்தான். இராசமணி வெளியே போ என்று சொல்வாள் என்று காத்திருந்தேன், சொன்னால் நியாயம்தான். அவள் உள்ளே போய் ஒரு தட்டை எடுத்து வந்தாள். எனக்கு எதிரே இருந்து தனக்கும் சோறு போட்டாள்.

"பதினேழு சனி" என்றாள். "சரி, நீங்களும் சாப்பிடுங்கோ. ஆறுது."

சாப்பிட்டோம். மனுசிக்கு நல்ல பசி.

2008 ஜூலை 5

கலியாணம் முடிந்தது. மண்டபத்தில் குகதாசன் எல்லோரிடமும் சொன்னான், "நான் முதலே சொன்னனான், அருமையான பொருத்தம்." விட்டுவிட்டேன்.

2009 ஜனவரி 10, சனி

பள்ளிக்கூட வாசலில் பனி தள்ளும்போது வழுக்கி விழுந்து ஐந்து நாள். முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. மலர் ஐஸ் வைக்கிறாள், வெளியே மைனஸ் பதினான்கு.

மத்தியானம் வர்சா எடுத்தாள். பிரெஞ்சு வகுப்பில் இரண்டாம் நிலைக்கு வந்துவிட்டாளாம்.

"மாமி இண்டைக்கு ஒண்டும் சாப்பிடேல்லை அப்பா."

"ஏன், திரும்பவும் ஆருக்குச் சனி?"

"உங்கடை முழங்காலுக்காம்."

இராசமணியிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். "எனக்கு நல்லாச் சுகம், இராசமணி. காலமை கடைக்கு நடந்து போட்டு வந்தனான். நீங்கள் சாப்பிடுங்கோ" என்றேன்.

மலர் ஐஸ் பையோடு என்னைப் பார்த்தாள். பையை முழங்காலில் அழுத்தினாள்.

அந்தப் பக்கம் தட்டு வைக்கிற சத்தம் கேட்கும்வரை போனை வைக்கவில்லை.