அந்தப் பிள்ளையைப் போய்ப் பார்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீ நலமா என்று கேட்கத்தான் கை வரவில்லை, உன் தங்கை போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அப்பா டீவியே போடுவதில்லை. குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, அதைக்கூடத் திட்டாமல் உட்கார்ந்திருக்கிறார்.

உன் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளை ஒருத்தி பயிற்சி ஆட்டத்தில் விழுந்து காலைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம், நீ "நடிக்காத, எழுந்து ஓடு" என்று கத்தினாயாம், அவளும் உன் சத்தத்துக்குப் பயந்து, விரிசல் விட்ட எலும்போடு ஆட்டம் முடியும்வரை ஓடினாளாம். இனி நேராக நடப்பாளா என்பதே சந்தேகம் என்று டாக்டர் கைவிரித்துவிட்டாராம். நேரத்தைக் கடத்தத் தரையில் உருளுகிறவர்களோடு இத்தனை வருஷம் கால்பந்து ஆடினவன் நீ, விழுந்தவரெல்லாம் நடிக்கிறார்கள் என்றே உனக்குப் பழகிவிட்டது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தக் கள்ளத்தனம் எங்கேயடா தெரியும்? ஆட்டத்தை விட்டு வாத்தியார் வேலைக்குப் போனாயே, சட்டையை மட்டும்தான் மாற்றினாயா?

உன் தலைமையாசிரியர், "அவ விழுந்ததை நான் பாக்கலன்னு எழுதிக் குடுத்துடுங்க சார், வேலை நிரந்தரமாகிற நேரம், எதுக்கு வம்பு" என்கிறாராம். நீயும் யோசிக்கிறாயாம். வேலை போனால் கஷ்டம்தான், எனக்குத் தெரியாதா, முட்டி போனபிறகு நீ நாயாய் அலைந்ததைப் பார்த்தவள் நான்தானே. ஆனால் அந்த முட்டி எப்படிப் போனது என்று மறந்துவிட்டாயா? உன் கோச்சும் "எந்திரிடா, நாடகம் போடாத" என்றுதான் கத்தினார். ஆஸ்பத்திரியில் கட்டோடு கிடந்தபோது நான் ஊட்டினால் வாய் திறக்காமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாய். யாருடா வரணும் என்றேன். "கோச் வருவாரும்மா, நான் நடிக்கலன்னு அவர் வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், அது போதும்" என்றாய். அந்த மனிதர் கடைசிவரை எட்டிப் பார்க்கவில்லை.

அந்தப் பிள்ளையும் இப்போது கதவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். போ. நீ நடிக்கலம்மா, தப்பு என்னோடதுதான் என்று அவள் பெற்றவர்களுக்கு முன்னாலேயே சொல். அவள் அப்பா கை நீட்டினால் வாங்கிக்கொள். அதன்பிறகு தலைமையாசிரியருக்கு உள்ளது உள்ளபடி எழுதிக் கொடு. வேலை போனால் இங்கே உன் கட்டில் அப்படியேதான் இருக்கிறது. பொய் எழுதிக் கொடுத்துவிட்டு மட்டும் இந்த வீட்டுப் பக்கம் வந்துவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு. நல்லா இருடா கண்ணா. ஆஸ்பத்திரிப் படியேறும்போது முட்டி வலிக்கும். வலிக்கட்டும், ஏறு.

உன்னைப் பெற்றவள்,
அம்மா