தந்தியில் சாகக் கிடந்தவள்

நசரத்பேட்டை
14-11-71

அன்பு மகன் நாகேந்திரனுக்கு அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். இதை இரண்டு தடவை படித்துவிட்டு அப்புறம் மேலே படி கண்ணு. எனக்குக் காய்ச்சல் இல்லை, மார்வலி இல்லை, ஆஸ்பத்திரியில் யாரும் சேர்க்கவில்லை. நைனாவும் உன் தங்கச்சி பேபியும் சுகம். உன் சுகத்தை விசாரிக்கத்தான் எனக்கு முகமில்லை, அதைக் கெடுத்தவளே நான்தானே. உனக்கு வந்த தந்தி பொய்.

போன மாதக் கடைசியில் நீ போட்ட கடிதத்தில் ஆரம்பித்தது எல்லாம். நீ சந்தோஷமாகத்தான் எழுதியிருந்தாய். பூட்ஸ் போட்டுக்கொண்டு ஐந்து மைல் ஓடினாலும் மூச்சு வாங்கவில்லை, என் துணியை நானே துவைத்து இஸ்திரி போடுகிறேன், துப்பாக்கி சுடுவதில் எங்கள் கூட்டத்தில் நான் இரண்டாவது, டிசம்பர் கடைசியில் ட்ரெய்னிங் முடிந்ததும் கிழக்கு எல்லைப் பக்கம் அனுப்புவார்கள் என்று பேச்சு அடிபடுகிறது என்று. வேறு வீட்டுக்கு வந்திருந்தால் தெருவெல்லாம் படித்துக் காட்டியிருப்பார்கள். நான் அரிசிப் பானைக்குள் செருகி வைத்தேன். உள்ளே வைத்திருந்த போட்டோவில் முடியை ஒட்ட வெட்டி, மாரை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறாயே, யாரோ வேறு வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தது, எனக்குப் பார்க்கவே முடியவில்லை. நைனாவுக்கு ஆவடி டாங்கி ஃபேக்டரியில் இப்போது ஞாயிற்றுக்கிழமையும் வேலை, ஏன் என்று கேட்டால் வாயைத் திறப்பதில்லை. டீக்கடை ரேடியோவில் செய்தி சொல்லும் நேரத்துக்கு நான் அந்தப் பக்கமே போவதில்லை. பின்தெரு முனியம்மா வீட்டுக்காரர் அறுபத்தைந்து சண்டையில் போனாரே, அன்றைக்குத் தந்திக்காரன் அவள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தியதைக் கண்ணால் பார்த்தவள் நான். இன்றைக்கும் சைக்கிள் மணி கேட்டால் யார் வீட்டில் நிற்கிறது என்று வாசலுக்கு ஓடிவந்து பார்ப்பேன்.

நான் சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறேன் என்று கேள்விப்பட்டு மண்ணூர்பேட்டையிலிருந்து உன் மாமன் துலுக்கானம் வந்தான். "இதுக்குப் போயி ஏங்க்கா அய்துகினு கீறே, தாயார் சீரியஸ்னு ஒரு தந்தி அட்ச்சா லீவு குட்த்துதான் ஆவணும், புள்ள ஊட்டுக்கு வந்தப்பறம் அனுப்பறதா வேணாவான்னு பாத்துக்கலாம்" என்றான். அவன் கம்பெனியில் லீவு வேண்டுமென்றால் எல்லோரும் இதைத்தான் செய்வார்களாம், ஒருத்தனுடைய பெரியம்மா மட்டும் மூன்று தடவை செத்திருக்கிறாளாம். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை நாகு. நைனாவுக்குத் தெரியாமல் தலையை ஆட்டினேன். மறுநாளே அவன் தந்தி கொடுத்துவிட்டான். நீ வந்து நிற்கும்போது நான் படுத்திருக்க வேண்டுமே என்று பட்டப்பகலில் பாயை விரித்து முனகிக்கூடப் பார்த்தேன், பேபி பயந்துபோய் அழ ஆரம்பித்தாள், எழுந்து அவளுக்குத் தோசை சுட்டுக் கொடுத்தேன். ஐந்து நாளாயிற்று, எட்டு நாளாயிற்று, உன்னையும் காணோம், கடுதாசியையும் காணோம். அப்போதுதான் எனக்கு நிஜமான பயம் பிடித்தது. ஐயோ, பிள்ளை கேட்ட இடத்திலேயே என்ன ஆனானோ, சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டுப் பிடிபட்டானோ, ரயிலில் தொங்கிக்கொண்டு வந்தானோ, நான் சொன்ன பொய்க்கு மாங்காட்டம்மா அவனிடம் பழி வாங்கிவிடுவாளோ என்று ஒரு வாய் தண்ணீர் இறங்கவில்லை.

போன வியாழக்கிழமை காலையில் ஸ்டேஷன் ஏட்டு ஒருத்தர் வந்தார். நான் அப்போது தெருக்குழாயில் நின்று, வரிசையில் புகுந்த லோகநாயகியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். என் தொண்டைதான் உனக்குத் தெரியுமே. அவர் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "அன்னம்மாள்னு ஒரு அம்மா சாகக் கெடக்குதாமே, ஊடு எது?" என்று கேட்டார். அந்தப் பாவி லோகநாயகி என்னைக் காட்டி, "தோ, இதுதான் சார், இன்னும் கொஞ்ச நேரம் கத்த உட்டா நாங்கதான் சாவணும்" என்றாள். குழாயடியே சிரித்தது. நான் குடத்தைக் கீழே போட்டுவிட்டேன்.

ஏட்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து உங்கள் ட்ரெய்னிங் சென்டரிலிருந்து வந்த காகிதத்தைப் பிரித்தார். விசாரிக்கச் சொன்னது உன் ஆபீசர் என்றுதான் நினைத்தேன். நீயே கேட்டாயாமே. என் தாயார் ரொம்பப் பயந்த சுபாவம், பயத்தில் இப்படித் தந்தி கொடுத்திருக்கக்கூடும், நிஜமாக இருந்தால் உடனே லீவு வேண்டும், பொய்யாக இருந்தால் ட்ரெய்னிங்கை விட்டுவிட்டு வர எனக்கு இஷ்டமில்லை என்று நீ எழுதிக் கொடுத்ததை அவர் படிக்கப் படிக்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பெற்றவள் சாகக் கிடக்கிறாள் என்றால் போலீஸை விட்டுப் பார்க்கச் சொல்கிறானே, இவனையா பத்து மாதம் சுமந்தேன் என்று கத்தினேன். ஏட்டு பேனாவைத் திறந்துகொண்டு, "இன்னாம்மா எய்திக்கட்டும்?" என்றார். வாய் வரைக்கும் வந்துவிட்டது நாகு. காய்ச்சலாகத்தான் கிடந்தேன், இப்போதுதான் எழுந்தேன் என்று சொல்லியிருந்தால் போதும், நீ வந்திருப்பாய், உன் கூட்டத்தோடு ட்ரெய்னிங்கை முடிக்காமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருப்பாய், அதற்குள் எல்லைச் சண்டையெல்லாம் அடங்கியிருக்கும். எட்டாவதில் கணக்கு வாத்தியாருக்குப் பயந்து நீ ஓடி வந்தபோதெல்லாம் பிள்ளைக்கு வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பியவள் நான்தானே. ஆனால் அந்தப் பிள்ளை இப்போது ஆபீசர் முன்னால் நேராக நின்று, என் அம்மா பொய் சொல்லியிருப்பாள் என்று சொல்லியிருக்கிறது. அதைச் சொல்ல உனக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று நினைத்ததும் எனக்குக் கோபம் போய்விட்டது. நல்லாக் கீறேன்னு எழுதிக்குங்க சார் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அவர் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நைனா வேலையிலிருந்து வந்து பேபி சொல்லித் தெரிந்துகொண்டார். அடிப்பார் என்று நினைத்தேன். சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, "நீ பண்ணது தப்பு, நானும் அத்தப் பண்ணலாம்னுதான் நென்ச்சிகினு இருந்தேன்" என்றார்.

அந்த நாளெல்லாம் அம்மா இருக்கிறாளோ இல்லையோ என்று தெரியாமலேயே பரேடு போனாயே, அதற்கு என்னை மன்னித்துக்கொள். இதனால் உன் பேருக்கு ஏதும் கெடுதல் வந்ததா என்று மறைக்காமல் எழுது, பதில் வரும்வரை எனக்கு உயிர் இருக்காது. பூட்ஸ் கடித்த இடத்தில் விளக்கெண்ணெய் தடவு. தலைக்கு எண்ணெய் வைக்காமல் வெயிலில் நிற்காதே. ரொட்டி பிடிக்காவிட்டாலும் வயிறு நிறையச் சாப்பிடு. மாங்காட்டம்மா குங்குமம் இந்தக் காகிதத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன், அவள் உனக்கு முன்னாலும் பின்னாலும் நிற்கட்டும். எனக்குப் பயம் போய்விட்டது என்று எழுத மாட்டேன், இனிப் பொய் எழுதுவதில்லை. இனிமேல் இந்த வீட்டிலிருந்து உனக்கு ஒரு தந்தி வந்தால் அது நிஜம், யாரையும் விசாரிக்கச் சொல்லாமல் புறப்பட்டு வா. நான் இந்த வார்த்தையைக் காப்பாற்றுகிறேன் ராஜா. அங்கேயிருந்து இந்த வாசலுக்கு ஒரு தந்தி வராமல் நீ பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
வே. அன்னம்மாள்