சொட்டிய வால்வுக்கு ஒரு மூடி

முடிச்சூர், வியாழன் இரவு

ஹவுஸ் ஓனரை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. கீசரின் சேஃப்டி வால்வு ஓயாமல் சொட்டுகிறது, ஆள் வைத்துப் பாருங்கள் என்று நேற்று சொன்னேன். இன்று நான் ஆபீஸ் போனதும் மேலே வந்து, சொட்டும் வாயை மூடி போட்டு முறுக்கி அடைத்திருக்கிறார். மாலை திரும்பியதும் அதைப் பார்த்து, கீசர் ஸ்விட்சை அணைத்துவிட்டு நேராகக் கீழே அவர் வீட்டுக்குப் போனேன்.

"உள்ள அழுத்தம் ஏறினா வெளிய போக அது ஒண்ணுதான் சார் வழி. அடைச்சா டாங்க் வெடிச்சிடும்."

"நீ இன்னா இஞ்சினியராம்மா? சொட்டி சொட்டி செவுரு பாழாவுது. எங்க வூட்லயும் அடைச்சிதான் வெச்சிகீறேன். இன்னா ஆயிடுச்சி?"

அவருக்குப் பின்னால் குளியலறையில் கீசரின் சிவப்பு விளக்கு எரிந்தது. பிரசவத்துக்கு வந்து தங்கியிருக்கும் அவர் மகள், பிறந்த குழந்தைக்கு வெந்நீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவரைத் தாண்டி உள்ளே போய் அதையும் அணைத்தேன்.

"என் வூட்டு ஸ்விட்சுல கை வெக்க நீ யாரு? மொதல்ல வூட்டைக் காலி பண்ணு!"

தாராளமாகப் பண்ணுகிறேன். ஆனால் அந்தக் குளியலறை என் கட்டிலுக்கு நேர் கீழே இருக்கிறது. இதோ, கீழே மறுபடியும் கீசர் இரைகிறது. பேனாவை வைத்துவிட்டுப் போகிறேன். அந்த ஆள் கதவைத் திறக்கும்வரை தட்டப்போகிறேன்.