தெளிந்த ஜாடி

வேறு அக்கா இல்லாத காரணத்தால் அன்புள்ள அக்காவுக்கு,

நீ இல்லாமல் வீடு நிம்மதியாக இருக்கிறது. உன் கட்டிலில் நான் படுப்பது காற்று வருகிறது என்பதற்காக மட்டும்தான்.

தண்ணீரைத் தெளியவைக்கப் படிகாரத்துக்குப் பதிலாக, நீ ஆய்வகத்தில் வளர்க்கும் பாக்டீரியா சுரக்கும் பசையைப் போடலாம், அது மக்கியும் போகும் என்று அன்றைக்கு நீ சொன்னாய். "கிருமியைக் கொன்னு ஊருக்குத் தண்ணி குடுக்கிறவன் நான். கிருமி கக்குனதையே போடச் சொல்றியா?" என்று அப்பா கத்தினார். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். பசை பாட்டிலை மட்டும் ஃப்ரிட்ஜிலேயே மறந்துவிட்டாய்.

நேற்று அதை அப்பா வேலை பார்க்கும் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கடத்தினேன். அப்பா படிகாரத்தைச் சோதிக்கக் கலங்கல் தண்ணீரை ஜாடிகளில் ஊற்றி வைத்திருந்தார். ஒன்றில் மட்டும் படிகாரத்துக்குப் பதில் உன் பசையைக் கலந்துவிட்டேன். சேறெல்லாம் கட்டி கட்டியாகத் திரண்டு அடியில் உட்கார்ந்துவிட்டது.

அப்பா அந்த ஜாடியைத்தான் தூக்கிக் காட்டினார். "பாத்தியாடா, இதுதான் படிகாரம்!"

"இல்லப்பா, அது அக்கா."

தண்ணீர் தெளிந்தது, அப்பா கலங்கிவிட்டார். முதலில் என் காதைத் திருகினார். அப்புறம் ஜாடியை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இன்னொரு பாட்டில் வேணும். அவளையே கொண்டுவரச் சொல்லு" என்றார்.

கட்டிலைக் காலி செய்துவிட்டேன். நேற்றிலிருந்து அங்கே காற்றே வருவதில்லை.

சிவந்த காதுடன்,
உன் வால்