பட்டறையில் தொட்ட விளம்பரங்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை, போன வாரம் போனில் உன் குரல் கம்மியதிலேயே தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குப் போகிறேன், மாடியில் போய் எதற்கு வந்தோம் என்று நிற்கிறேன், அதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிடுகிறது. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். உன் அப்பாதான் எந்தப் போனையும் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாரே, அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உன்னிடம் சொல்லக்கூடிய விஷயமில்லை இது.

உன் தோட்ட வெப்சைட்டுக்கு விளம்பரம் தருகிற கம்பெனி, யாரோ ஒரே இடத்திலிருந்து வேண்டுமென்றே விளம்பரங்களைத் தொட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று சொல்லி உன் கணக்கை நிறுத்திவிட்டது என்றாய். போட்டிக்காரங்க யாரோ பண்ணின வேலைம்மா, என்னால இவங்களோட மல்லுக்கட்ட முடியாது, எல்லாத்தையும் மூடிட்டு பழைய ஆபீஸுக்கே போறேன் என்று அழுதாய். உன் அப்பா அந்தப் போட்டிக்காரனைத் திட்டின திட்டை நீயும்தான் கேட்டாய், அவன் கை விளங்காமப் போக என்றுகூடச் சொன்னார். அந்தக் கை யாருடையது என்று நேற்று முன்தினம் என் கண்ணாலேயே பார்த்தேன். உன் அப்பா சாப்பாட்டுக் கேரியரை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார், நான் கண் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிற வழியில் அவர் பட்டறையில் கொடுக்கப் போனேன். லேத் மெஷின் ஓடவில்லை. வெல்டரும் லேத்காரரும், வாய் ஓயாமல் பேசுவதால் ரேடியோ என்று நாம் கூப்பிடுவோமே அந்தப் பெயிண்டரும் ஆளுக்கொரு போனைத் தடவிக்கொண்டு நிற்கிறார்கள். இன்னிக்கும் விளம்பரம் ஒண்ணும் வரல முதலாளி என்கிறார் வெல்டர். நல்லாத் தேடுங்கப்பா, கீழ எங்கயாவது இருக்கும் என்று உன் அப்பா எட்டி எட்டிப் பார்க்கிறார். கணக்கை நிறுத்தினால் விளம்பரமே வராது என்பதுகூட அவருக்குப் புரியவில்லை. நான் கேட்காமலேயே ரேடியோ பாட ஆரம்பித்துவிட்டார். நீ வெப்சைட் தொடங்கின நாளிலிருந்து இப்படித்தானாம், எல்லாரும் உன் விளம்பரத்தைத் தொட்ட பிறகுதான் மெஷினுக்கு சுவிட்சைப் போடவே விடுவாராம். ஒருத்தர் தொட்டா எனக்குக் கொஞ்சம் காசு வரும்பா என்று நீ எப்போதோ சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார் மனிதர். செடி வளக்கறதப் படிக்க எவன் காசு குடுப்பான் என்று உன் முகத்துக்கு நேரே சொன்னவரும் இவரேதான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

இனி வியாபாரத்தைப் பற்றி எனக்குத் தோன்றுவதையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. எங்கள் ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் இருக்கும் பெண்ணுக்குச் செம்பருத்தியில் வெள்ளைப் பூச்சி. உன் வெப்சைட்டைக் காட்டினேன். நீ எழுதியபடி சோப்புத் தண்ணீரை அடித்தாள், பூச்சி போய்விட்டது, உன்னை அவ்வளவு புகழ்ந்தாள், அத்தோடு சரி, அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. பக்கத்திலேயே பூச்சி மருந்து விளம்பரம் இருந்ததே, அதை அவள் எதற்குத் தொடப் போகிறாள்? நீ நன்றாக எழுத எழுத யாரும் எதையும் வாங்க வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. செடி நன்றாக இருக்கும்வரை யாரும் உன்னைத் தேடவும் மாட்டார்கள். ஆனால் அதே பெண், என் வீட்டு பால்கனிக்கு வெயிலே வராது, என்ன வைக்கலாம்னு உங்க பொண்ணு பாத்துச் சொல்லுவாளா, எவ்வளவுன்னாலும் குடுக்கிறேன் என்று என்னைப் பிடுங்கி எடுக்கிறாள். ஊருக்கெல்லாம் பொதுவாகச் சொல்வதை இலவசமாக வாங்கிக்கொள்கிறவர்கள், தன் வீட்டுக்கென்று சொன்னால் கொடுப்பார்கள் போலிருக்கிறது. இது சரிவருமா என்று எனக்குத் தெரியாது, நீதான் யோசிக்க வேண்டும். அதற்கு முன்னால் அந்தக் கம்பெனிக்கு உள்ளதை உள்ளபடி எழுதிவிடு, கணக்கைத் திரும்பத் தந்தால் தரட்டும், இல்லாவிட்டால் போகட்டும். எங்கள் பட்டறைக் கைகளைக் கழித்துவிட்டு, மிச்சம் யார் யார் வருகிறார்கள் என்று பார். மூடுவதென்றாலும் அதைப் பார்த்துவிட்டு மூடு, பழைய ஆபீஸுக்குப் போனால் நீ ஒன்றும் குறைந்துவிட மாட்டாய். எவனோ எதிரி கெடுத்தான் என்று நினைத்துக்கொண்டு மட்டும் மூடாதே, உனக்கு அங்கே எதிரியே இல்லையடி.

உன் அப்பாவிடம் நேற்று சாயங்காலம் சொல்லிவிட்டேன். நீங்கள் தொட்டதால்தான் நின்றது என்றதும் முதலில் நம்பவில்லை, என்னிடமே சண்டைக்கு வந்தார். புரிந்த பிறகு வாசல்வரைக்கும் போவதும் வருவதுமாக இருந்தார். பிறகு என் எதிரில் வந்து நின்று, நல்லதுன்னு நெனச்சுதானே பண்ணினேன், இனிமே அதையும் தொடக் கூடாதுன்னா நான் அவளுக்கு என்னதான் பண்றது என்று கேட்டார். நீ போன் செய்யும்போது கம்பெனி விஷயத்தை எடுக்காதே, கேலியும் செய்யாதே, உன்னால் முடிந்தால் அந்தக் கேள்விக்கு மட்டும் அவரிடம் ஒரு பதில் சொல்.

எடுத்த காரியம் கைகூடி, மனம் கோணாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா