பாட் போட்ட ஓட்டு

செவ்வாய், இரவு.

ஷகீலாவிடம் ஏன் அப்படிச் சொன்னேன்? எனக்கே தெரியவில்லை.

நானும் ஷகீலாவும் எழுதும் வலைப்பதிவுத் தளத்தில் பதிவுக்கு ஓட்டு விழுந்தால் கிரிப்டோ நாணயம் கிடைக்கும். நான் காசு கொடுத்து பாட்களை, அதாவது தானாக ஓட்டுப் போடும் கணினி நிரல்களை, ஓட்டுப் போட வைக்கிறேன். கொடுத்ததைவிடக் கொஞ்சம் கூடவே திரும்பி வருகிறது. சித்தேரி மலையில் விளையும் சாமையைப் பற்றிய என் கட்டுரை இப்படித்தான் முதல் பக்கத்துக்குப் போனது.

எங்கள் கல்லூரி நூலகரான ஷகீலாவுக்கு இது தெரியாது. மதியம் சாப்பிடும்போது கேட்டாள்: "உங்களுக்கு மட்டும் எப்படிங்க்கா இத்தனை ஓட்டு? எனக்கு எங்க வூட்டுக்காரர் ஓட்டு ஒண்ணுதான். அதையும் திட்டித்தான் போட வெச்சேன்."

சிரித்துவிட்டு, "இன்னும் நல்லா எழுதணும் ஷகீலா" என்றேன்.

அவள் டிபன் பாக்ஸை மூடினாள். "எனக்கு எழுத வரலைங்க்கா. இதோட விட்டுடறேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயில் சோறு இருந்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

புதன்.

காலையில் நூலகத்துக்குப் போய் பாட் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப நான் எழுதுனது மோசமில்லைங்களாக்கா?" என்றுதான் கேட்டாள்.

அவள் எழுதியதில் ஒன்றைக்கூட நான் இதுவரை திறந்து பார்த்ததில்லை.